யாருடைய கப்பலில் வந்தோம்

பிள்ளையாருக்கு மலாய் தெரியும் என்பது மலாக்காவுக்கு வந்த மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த பாதி வீட்டுக்கும் வீட்டுக்காரி இருந்த மறுபாதிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவரும் அதில் ஒரு கதவும்தான். வாசலில் மாவிலைத் தோரணம், நிலையில் மஞ்சள், உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை. அப்பாடா, நம் மனிதர்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நெஞ்சு குளிர்ந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. பூப்போட்ட சாரோங், இடுப்பைப் பிடித்த மெல்லிய கெபாயாச் சட்டை, கொண்டையில் வரிசையாகக் குத்திய ஊசிகள். அச்சு அசல் மலாய்க்காரி போல ஒரு பெண்மணி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பிள்ளையாரிடம் மலாயில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளையாரும் எல்லாம் புரிந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்.

மலாக்காச் செட்டிகள் என்று இவர்களைச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் வட்டிக்கடைச் செட்டியார்களை நினைத்துக்கொள்ள வேண்டாம்; அவர்கள் வேறு, இவர்கள் வேறு. இந்த ஊரில் சுல்தான் ஆண்ட காலத்தில் நம் கரையிலிருந்து துணிமணி ஏற்றிக்கொண்டு வந்த வியாபாரிகள், இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார்கள். போர்த்துக்கீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். இவர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. தமிழ் எப்போது வாயை விட்டுப் போனது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஆனால் மாரியம்மன் போகவில்லை, பொங்கல் போகவில்லை, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பிள்ளையும் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரியின் பெயர் மீனாட்சிப் பிள்ளை. பெண்பிள்ளைக்குப் பிள்ளைப் பட்டமா என்று இவர் அன்று முழுக்கச் சிரித்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். துறைமுக ஆபீசில் கிராணி, நம் ஊரில் குமாஸ்தா என்போமே, அது. நான் அந்த அம்மாளை மாமி என்று கூப்பிட்டேன். அந்த ஒரு சொல் அவர்கள் வீட்டிலும் மாமிதான். எனக்கு அரைகுறை மலாய் வந்த பிறகு கிணற்றடியில் எங்களுக்குள் பேச்சு ஓட ஆரம்பித்தது. மாமி மலாயில் சொன்னதையெல்லாம் என் வாய்த் தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்வரை நான் யார் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. தெருப் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தைக் கேட்பவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். கப்பலின் திறந்த தட்டில் பாயும் தகரப்பெட்டியுமாக ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தோம். கொளுத்துகிற வெயிலில் இவர் மட்டும் கோட்டும் டையும் பூட்சுமாக உட்கார்ந்திருந்தார். “கழற்றித் தொலையுங்களேன், வேர்த்து ஊத்துதே” என்றால், “உனக்கு ஒண்ணும் தெரியாது. கூலியாளுன்னு நினைச்சுப்பான்” என்றார். பினாங்கில் இறங்கியபோது அவர் சொன்னபடியேதான் நடந்தது. கையில் பிரம்போடு ஒருவன் நின்றான். வெள்ளைக்காரன்கூட இல்லை, நம் நிறத்து ஆள்தான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான். வெறுங்கால்கள் ஒரு பக்கம், பூட்ஸ் போட்ட கால்கள் ஒரு பக்கம். வெறுங்கால்காரர்களை மருந்து நெடியடிக்கும் ஒரு கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கப்பலில் எனக்குத் தலைசுற்றியபோது எலுமிச்சம்பழம் கொடுத்த பெண்ணும் அந்தக் கூட்டத்தோடு போனாள். சந்தைக்கு வந்த மாடுகளைப் பிரிக்கிற மாதிரி மனிதர்களைப் பிரிப்பார்களா! இவரோ என் முழங்கையைப் பிடித்து, “பார்த்தியா, பார்த்தியா” என்று பெருமை பொங்க இழுத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு எனக்குப் புதிதாக இரண்டு பெயர்கள் கிடைத்தன. சர்க்கார் காகிதத்தில் நான் ‘இந்தியன்’. தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் வாயில் நான் ‘கெலிங்’, நம் கரை ஆட்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அதற்கப்புறம் இவர் ஒருவர்தான் கூப்பிடுகிறார்.

செல்வம், இவருடைய தம்பி, எங்களுக்குப் பிறகு வந்தவன். ஆஸ்பத்திரி ஒன்றில் டிரெஸ்ஸர் வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது. மாமியின் மகள் இந்திராணியும் அங்கேயே நர்ஸ். ஒரே வீட்டு வாசலிலிருந்து ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு சைக்கிள்கள் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. அவள் மலாயிலும் இங்கிலீஷிலும் பேச, இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். விஷயம் தெரிந்ததும் இவர் தாம்தூம் என்று குதித்தார். “சாரோங் கட்டினவளை எப்படிடி மருமகள்னு ஊருக்கு எழுதறது? தமிழ் ஒரு வார்த்தை வராது. அம்மா எழவு விழுந்த மாதிரி அழுவா.” நான் விடவில்லை. திருநீறு பூசுகிறார்கள், பிள்ளையாரைக் கும்பிடுகிறார்கள், பெயரிலேயே பிள்ளை இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு என்று கரைத்தேன். கடைசியில் இவர் பெருமூச்சு விட்டு, “சரி, நாமதான் பெரிய மனசு பண்ணணும்” என்றார். சத்தியமாக அந்த வார்த்தைதான் சொன்னார்.

பெரிய மனசு பண்ணிக்கொண்டு போனோம். நான் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு வைத்து, அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா எனக்குக் கொடுத்தனுப்பிய கும்பகோணத்து அரக்குப் பட்டுப் புடவையையும் அதன்மேல் வைத்தேன். பெண் கேட்கப் போகும்போதே புடவையோடு போனவள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். மறுப்பார்கள் என்று தோன்றினால்தானே! நடுக்கதவைத் திறந்துகொண்டு அந்தப் பாதிக்குள் போனோம். மாமி காப்பி கொடுத்தாள். வாழையிலையில் மடித்து அவித்த தேங்காய்ப் பலகாரம் கொடுத்தாள். தட்டை மட்டும் தொடவில்லை.

“வெத்தலை எடுத்துக்குங்க மாமி” என்றேன்.

“வேண்டாம்மா.” குரலில் கோபமே இல்லை. “கெலிங் வீட்டுக்கு என் பொண்ணைக் கொடுக்கமாட்டேன்.”

அடிப்பாவி! நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு, முதுகுக்குப் பின்னால் பிள்ளையார், இவள் என்னைப் பார்த்துக் கெலிங் என்கிறாளா? இவருக்கு அந்த ஒரு சொல் நன்றாகவே புரிந்தது. முகம் கன்றிப்போய், “இவங்க மட்டும் வானத்திலேருந்து குதிச்சாங்களாமா? கேளுடி!” என்று என்மேல் பாய்ந்தார். நான் கொஞ்சம் தணித்துக் கேட்டேன்.

“நீங்களும் எங்க கரையிலேருந்து வந்தவங்கதானே மாமி?”

“கித்தா டாத்தாங் காப்பால் செண்டிரி” என்றாள் மாமி. நாங்கள் வந்தது எங்கள் சொந்தக் கப்பலில். “நீங்க வந்தது ஓராங் பூத்தே கப்பல்ல.” ஓராங் பூத்தே என்றால் வெள்ளைக்காரன்.

“நாங்க டிக்கெட் வாங்கித்தான் வந்தோம்!” என்று இவர் கத்தினார். அதைச் சொல்லும் அளவுக்கு இவரிடம் மலாய் இருந்தது.

“யாரோட கப்பலுக்கு டிக்கெட்?” என்று கேட்டாள் மாமி.

இவர் அந்த வெயிலில் கழற்றாமல் காப்பாற்றிய கோட்டும் டையும் பூட்சும் ஒரு கேள்வியில் எங்கே போயின என்று தெரியவில்லை. மாமி எங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை என்பதுதான் என்னை இன்னும் உலுக்கியது. அடுப்படியில் அரிசி விலை பேசுகிற மாதிரி மேலே சொல்லிக்கொண்டு போனாள். “எங்க தாத்தா ஆபீசுக்குப் போனா நாற்காலி போடுவாங்க. அவரையும் கெலிங்னுதான் சொன்னாங்க, ஆனா எழுந்து நின்னு சொன்னாங்க. எங்க அப்பாவுக்கும் கொஞ்ச நாள் நாற்காலி போட்டாங்க. அப்புறம் வெள்ளைக்காரன் கப்பல் கப்பலா ஆளை இறக்கினான், ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் சீவறதுக்கு. அதிலேருந்து எங்க மூஞ்சியைப் பார்க்கிறவன் எல்லாம் கையில பால்வாளி எங்கேன்னு தேடறான். அப்பா கடைசியாப் போனப்போ அதே ஆபீஸ்ல வாசப்படியில நில்லுன்னுட்டான். கெபாயா போட்டுக்கிட்டுப் போனா, நீ யாருன்னு ஒரு வார்த்தையாவது கேட்கிறான். சேலை கட்டிக்கிட்டுப் போனா அதுகூட இல்லை. எந்தத் தோட்டம்னுதான் கேட்கிறான். என் பொண்ணை அந்தக் கேள்விக்கு அனுப்பமாட்டேன்.”

அவளுக்கு வெள்ளைக்காரன்மேல் கோபமில்லையா, அவன் ஏமாற்றி ஏற்றிக்கொண்டு வந்த ஏழைகள்மேல்தானா கோபம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூட்ஸைப் பார்த்தேன். நாங்களும் பினாங்கிலிருந்து இங்கே வரைக்கும் வேறு என்ன செய்துகொண்டிருந்தோம்? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நடுக்கதவருகே மாமி என் தோளைத் தொட்டாள். “வெள்ளைக்காரன் போகப்போறான்னு பேசிக்கிறாங்க இல்ல? போகட்டும். அவன் போனா பழைய மாதிரி ஆயிடும், மூஞ்சியைப் பார்த்து வாளி தேடமாட்டாங்க. அன்னிக்குத் தட்டைக் கொண்டு வா. நான் வெத்தலை எடுத்துக்கிறேன்.” பகடி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, முழுக்க நம்பித்தான் சொன்னாள்.

இந்த தேசம் முழுக்க ஆளுக்கொரு காரணத்துக்காக மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, காத்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் காத்திருந்தது. செல்வம் தினமும் பேப்பரை வரிவரியாகப் படித்துவிட்டு, “பேச்சுவார்த்தை நல்லாப் போகுது அண்ணி. என்னை மாதிரி சுதந்திரத்துக்குத் தவிக்கிறவன் இந்த நாட்டிலேயே கிடையாது லா” என்பான்; அந்த ‘லா’ இந்த ஊர் அவன் பேச்சில் ஒட்டிவிட்டது. மாமிமேல் அவனுக்குத் துளி வருத்தமில்லை. நான் கோபமாக ஏதோ சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். “அவங்க சொன்னதில என்ன தப்பு அண்ணி? வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வார்டுல நிக்கிறேன். புதுசா வர்ற துரை எவனா இருந்தாலும் என்னைப் பார்த்து முதல்ல சொல்றது, அந்த வாளியை எடுடாங்கறதுதான்.” இத்தனை நாளும் அவன் இதை வீட்டில் சொன்னதே இல்லை. இந்திராணி அவனிடம் ரகசியமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் என்னைப் பார்த்து “அண்ணி, சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டு ஓடுவாள்.

ஒருவழியாக வெள்ளைக்காரன் கொடி இறங்கியது. எங்கள் ஊரிலும் ஊர்வலம் என்றார்கள். ஒவ்வோர் இனமும் தன்தன் உடையில் வரவேண்டும், பண்டார் ஹிலிரில் கடலோரத் திடலில் கூடவேண்டும். மாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியின் அடியிலிருந்து அவள் அம்மா காலத்துக் கெபாயாவை எடுத்தாள். அந்தச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது; முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்க மூன்று தங்க ஊசிப் பதக்கங்கள், குரோசாங் என்பார்கள். அதைப் புளி போட்டு விளக்கினாள். “எல்லாருக்கும் முன்னாடி வந்தவங்க நாங்க. முன்வரிசையிலதான் விடுவாங்க, பாரு” என்றாள். நான் உள்ளே போய்த் தட்டைத் துடைத்து வைத்தேன். வெற்றிலையும் வாங்கித் தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

திடலில் பலகைகள் நட்டிருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், வெள்ளைக்காரன் வழி வந்த கலப்பினத்தாரான சட்டைக்காரர். மாமியும் இந்திராணியும் எங்கள் குடியிருப்பான கம்பத்துச் செட்டிப் பெண்கள் சிலரும் தலைநிமிர்ந்து நடக்க, நான் பின்னால் போனேன். அவர்களுக்கென்று பலகை எதுவும் இல்லை. மாமி முதலில் மலாய்ப் பெண்களின் வரிசைக்குப் போனாள். அவர்களில் பலர் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அவள் தினம் பேசுகிறவர்கள்தான். ஒருத்தி குரோசாங்கைத் தொட்டுப் பார்த்து மெச்சினாள். பிறகு நெற்றியைப் பார்த்து, அக்காள் தங்கையிடம் சொல்கிற மாதிரி மெதுவாக, “நீங்க இந்து ஆச்சே, உங்க இடம் அந்தப் பக்கம்” என்று கை காட்டினாள். அந்தப் பக்கம் போனோம். எங்கள் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தவர் பட்டு ஜிப்பாவும் மார்பில் ரிப்பன் பூவுமாக இருந்தார். அவரும் என்னைப் போலக் கப்பலில் வந்தவர்தான், பேச்சிலேயே தெரிந்தது.

“யாரும்மா இவங்க? மலாய்க்காரங்களை இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

“நம்ம ஆளுங்கதான். காஜா பெராங் செட்டிங்க.”

“தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க, பார்ப்போம்” என்று சிரித்தார். பிறகு கெபாயாவை மேலும் கீழும் பார்த்தார். “இந்த டிரெஸ்ல நம்ம வரிசையில நின்னா நல்லாவா இருக்கும்? படம் எல்லாம் எடுக்கிறாங்க. சேலை கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. இல்லேன்னா ஓரமா நின்னு பார்க்கட்டும்.”

பினாங்கில் பிரம்போடு நின்றவன் காலைப் பார்த்தான். இந்த ஜிப்பாக்காரர் உடையைப் பார்க்கிறார். வெள்ளைக்காரன் போய்விட்டானே, இந்த வரிசையும் பலகையும் யாருக்காக இன்னும் நிற்கின்றன? “அவரு என்ன சொல்றாரு?” என்று மாமி ஆவலாக என் கையைப் பிடித்தாள். அதை மலாயில் சொல்லச் செத்தாலும் முடியாது என்று நின்றேன். சொன்னது இந்திராணி. ஒரு வார்த்தை விடாமல், குரல் நடுங்காமல், அம்மாவுக்கு மலாயில் சொன்னாள். செல்வம் ஆசையாகச் சொல்லிக்கொடுத்த தமிழ் அவளுக்கு முதன்முதலாக உபயோகப்பட்டது இதற்குத்தான். கம்பத்துப் பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். மாமி ஒதுங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய் பெக்கா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஒன்றைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், “அந்தச் சேலை இருக்கா? தட்டில வச்சிருந்தியே” என்றாள்.

அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிவிட்டேன். என் ரவிக்கை அவளுக்குச் சேரவில்லை, அதனால் கெபாயா உள்ளேயே இருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றாள். முந்தானை தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது, பழக்கமில்லாத தோள். சட்டென்று கெபாயாவிலிருந்து மூன்று குரோசாங்கையும் உருவி, பட்டோடு சேர்த்துத் தோளில் நறுக் நறுக்கென்று குத்தினாள். “அய்யோ மாமி, பட்டு!” என்று அலறிவிட்டேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை.

திரும்பிப் போனபோது ஜிப்பாக்காரர், “பார்த்தீங்களா, இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு!” என்று கும்பிட்டு வரவேற்றார். லாரியில் வந்து இறங்கிய தோட்டத்துப் பெண்கள் எங்கள் வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். தலையில் கனகாம்பரம், வெறுங்கால், முகமெல்லாம் சிரிப்பு. மாமிக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி அவள் பட்டை ஆசையோடு பார்த்துவிட்டு, வாஞ்சையாகக் கேட்டாள். “அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?”

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்திராணி பக்கத்தில் இல்லை; இந்த முறை நானே மலாயில் சொன்னேன், வேறு வழியில்லை. மாமி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “காஜா பெராங்” என்றாள்.

“அது எந்தப் பக்கமா இருக்கு? பால் நல்லா இறங்குமா?” என்று கேட்டாள் அந்தப் பெண். பேண்டு வாத்தியம் முழங்க ஆரம்பித்தது. கோஷம் போட்டுக்கொண்டு எல்லோரும் நடந்தோம்.

அன்று சாயங்காலமே நடுக்கதவைத் திறந்துகொண்டு மாமி வந்தாள். பழைய சாரோங், பழைய கெபாயா. மடித்த பட்டை என் மடியில் வைத்தாள். “தட்டைக் கொண்டு வா. வெள்ளைக்காரன் போயிட்டான் இல்ல? சொன்ன சொல் சொன்னதுதான்.” நான் அசையவில்லை. “கொண்டு வாம்மா. இனிமே என்ன, எல்லாரும் ஒரே கப்பல்தான்” என்றாள். நான் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். அந்த ஒரு இலைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! அவள் அதை எடுத்தபோது, களவு போன வீட்டில் மிச்சமிருந்ததை நாங்களும் அள்ளிக்கொண்ட மாதிரி இருந்தது. இவர் என் பக்கம் குனிந்து, “பார்த்தியா, பார்த்தியா” என்றார்.

தை பிறந்ததும் கல்யாணம். முகூர்த்தப் புடவை அந்த அரக்குப் பட்டுதான். இந்திராணி அதைத்தான் கட்டுவேன் என்கிறாள். தோளருகே மூன்று ஓட்டைகள். கொசுவம் மாற்றிக் கட்டினால் உள்ளே மறைந்துவிடும் என்றேன். “வேண்டாம் அண்ணி, அங்கேயே குரோசாங் குத்திக்கிறேன்” என்றாள், நல்ல தமிழில்.

மாமி இன்றைக்கும் விடியலில் கெபாயாவோடு பிள்ளையார்முன் நிற்கிறாள். கெஞ்சுவதில்லை, கோபித்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு கேள்விதான். இப்போது எனக்கும் மலாய் புரிகிறதே, பலகைச் சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்கிறது. “நீயும் அந்தக் கப்பல்ல எங்களோட வந்தவன்தானே? அது யாரோட கப்பல்னு உனக்காவது ஞாபகம் இருக்கா?” கதவுக்கு இந்தப் பக்கம் நானும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறேன். நான் வந்த கப்பலைப் பற்றிக் கேட்க, அதில் என்னோடு வந்த சாமி எனக்குத்தான் ஒன்றும் இல்லை.